ஆறு தாண்டிய ஆறு பேர்

படத்தில் ஏழு பேர் இருந்தார்கள்.

"ஆறு பேர்னுதான் சார் கேட்டேன்" என்று போனை என்னிடம் நீட்டினாள் அந்தப் பெண். சிதம்பரத்தில் ஒரு பி.எட். வகுப்பு. ஆங்கிலப் பாடம் நடத்தப் போகிறவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி கொடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு கதை, இரண்டு நிமிட வீடியோ, ஏ.ஐ.யை எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தேன். அவள் எடுத்துக்கொண்டது பரமார்த்த குரு ஆற்றைக் கடந்த கதை. செயலி வரைந்த படத்தில் வேட்டி, ஜடாமுடி, அக்கரைப் பனை எல்லாம் நன்றாகவே இருந்தன. தலையை எண்ணினால்தான் ஏழு. மறுபடி கேட்டாள், ஐந்து வந்தது. மூன்றாம் தடவை சரியாக ஆறு பேர், ஆனால் ஒருவனுக்கு மூன்று கை.

வகுப்பு சிரித்தது. எண்ணத் தெரியாதவர்களின் கதையை எண்ணத் தெரியாத இயந்திரத்திடமே கொடுத்திருக்கிறோமே என்று எனக்கும் சிரிப்பு.

கதை தெரியாதவர்களுக்காக: குருவுக்கு ஐந்து சீடர்கள். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். ஆறு தூங்குகிறதா, விழித்திருக்கிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைப்பார்கள். சுர்ரென்று புகை வந்ததும் அலறி ஓடிவருவார்கள். பிறகு ஒரு வழியாகக் கடந்து, அக்கரையில் நின்று எண்ணினால் ஐந்து பேர்தான். யார் எண்ணினாலும் ஐந்துதான். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிடுகிறான். ஒருவனை ஆறு கொண்டுபோய்விட்டது என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வழியில் வந்த ஒருவன் காசை வாங்கிக்கொண்டு, வரிசையாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு அடி போடுகிறான். அடி வாங்கியவன் தன் பெயரைச் சொல்ல வேண்டும். காணாமல் போனவன் கிடைத்துவிடுகிறான்.

இது பாடம் நடத்தவென்றே எழுதப்பட்ட கதை. 1680-ல் இத்தாலியில் பிறந்த வீரமாமுனிவர், தேம்பாவணிக்குச் செய்யுள் கட்டிய அதே கையால், ஜனங்கள் பேசுகிற தமிழில் இதை எழுதினார். பக்கத்திலேயே லத்தீன் மொழிபெயர்ப்பும் வைத்தார். தனக்குப் பின் வரும் பாதிரிமார்களுக்குத் தெருத் தமிழ் பிடிபட வேண்டும். இலக்கணத்தை எவ்வளவு தலையில் ஏற்றினாலும் வாய் திறக்காது, சிரிக்க வைத்தால் திறக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. கதையின் கரு அவருக்கு முந்தியது. பத்துப் பேர் ஆற்றைக் கடந்து ஒன்பது என்று எண்ணி அழ, 'பத்தாவது ஆள் நீதான்' என்று ஒருவர் சொல்லும் கதை அத்வைத நூல்களில் வருகிறது. இங்கிலாந்தில் கோதம் ஊர் மூடர்கள் பன்னிரண்டு பேர் மீன்பிடிக்கப் போய்ப் பதினொன்று என்று எண்ணுவார்கள். தன்னை எண்ண மறப்பது எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது.

1822-ல் கதை கப்பலேறியது. மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த பெஞ்சமின் கை பாபிங்டன் அதை லண்டனில் அச்சிட்டார். தமிழ் மூலம், ஆங்கில மொழிபெயர்ப்பு, பின்னால் சொல் அகராதி. முதல் கதையை மட்டும், அதாவது இந்த ஆற்றுக் கதையை, தனியே எடுத்துப் பகுத்துக் காட்டியிருந்தார். தமிழ் படிக்கும் வெள்ளைக்காரனுக்கு அது லெசன் பிளான் மாதிரி. பாபிங்டன் பின்னால் வைத்தியம் படித்து டாக்டரானார். 1829-ல், குரல்வளையைப் பார்க்க ஒரு சின்னக் கண்ணாடிக் கருவியைச் செய்து லண்டன் மருத்துவர்களிடம் காட்டினார். பரமார்த்த குருவுக்கு ஆங்கிலக் குரல் கொடுத்தவர், குரல் புறப்படும் இடத்தையே எட்டிப் பார்த்தார் என்பது எனக்குப் பிடித்த தற்செயல்.

பாடம் எதிர்த்திசையில், வெள்ளைக்காரர்களிடமிருந்து நம் பக்கம், ஓட ஆரம்பித்ததும் இந்தக் கடற்கரையில்தான். 1690-ல் கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்கிய செயின்ட் டேவிட் கோட்டை கடலூரில். தரங்கம்பாடி மிஷனரிகள் 1717-ல் இதே கடலூரில் ஒரு தருமப் பள்ளி வைத்தார்கள். அப்புறம் இரண்டரை நூற்றாண்டு போகட்டும். 1950-களின் கடைசியில் மதராஸ் மாநிலத்தில் ஆரம்ப வகுப்பு ஆங்கிலத்துக்கு 27,000 ஆசிரியர்களைத் தயார்செய்ய வேண்டியிருந்தது. சிலருக்குப் பயிற்சி, அவர்கள் பலருக்கு, அந்தப் பலர் இன்னும் பலருக்கு. 'மெட்ராஸ் பனிப்பந்து' என்று பெயர் வைத்தார்கள். பனியைக் கண்ணால் பார்க்காத தென்னார்க்காட்டு வாத்தியார்களும் அந்தக் கணக்கில் உண்டு. வாக்கிய அமைப்பு, சொற்களை மாற்றி மாற்றிப் போட்டுப் பழகும் மாற்றுப் பட்டியல், "திஸ் இஸ் எ பென்" என்று பேனாவைத் தூக்கிக் காட்டுவது. உருட்ட உருட்டப் பந்து பெருத்தது. ஆனால் மேலே சொன்னது கீழே வந்து சேர்வதற்குள், சொன்னவருடைய குரல் உதிர்ந்துபோய்விடும். கைக்கு வந்து சேர்வது பட்டியல் மட்டும்.

1979-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொலைதூரக் கல்வியைத் தொடங்கியது. பள்ளி விட்டு வந்து, சாப்பிட்டுவிட்டு, தபாலில் வந்த பாடப் பொட்டலத்தைப் பிரித்து எம்.ஏ. ஆங்கிலம் படித்த ஆசிரியர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். ஷேக்ஸ்பியரைக் கரைத்துக் குடித்தவர்கள்கூட வகுப்பில் ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசக் கூசுவார்கள். பேசிப் பழக எதிரே ஆள் இல்லாத படிப்பு அது.

அந்த ஆள் இப்போது கிடைத்திருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். "ராத்திரி பதினோரு மணிக்குப் பேசுவேன் சார். தப்பாப் பேசினாலும் சிரிக்காது" என்றாள் கிள்ளையிலிருந்து வரும் இன்னொரு மாணவி. இறந்தகாலம் தடுமாறினால் சாட்பாட் பொறுமையாகத் திருத்துகிறதாம். 2022 ஜூனில் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக் குழந்தைகளுக்குக் கூகுளின் ரீட் அலாங் செயலியை வைத்து வாசிப்பு மாரத்தான் நடத்தினார்கள். குழந்தை வாய்விட்டுப் படிக்க, செயலி கேட்டுத் திருத்தும். ஐம்பது பேர் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளை படிப்பதையும் காது கொடுத்துக் கேட்க எந்த வாத்தியாருக்கு நேரம் இருக்கிறது?

சங்கடம் வேறு இடத்தில். மறுநாள் நம் பெண் வீடியோவைப் போட்டாள். கதையை எழுதியது சாட்பாட், படம் செயலி, குரலும் செயலி. துடைத்து வைத்த மாதிரி ஆங்கிலம். தடி அடியைக் காணோம். அதற்குப் பதிலாக ஓர் அன்பான பெரியவர் ஒவ்வொருவர் தோளையும் தொட்டு எண்ணினார். முடிவில் 'ஒன்றுபட்டு உழைப்போம்' என்கிற ரீதியில் ஒரு நீதி. கதைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆறு கொள்ளிடம் என்று அவள் போட்டிருந்தாள். செயலிக் குரல் அதை 'கொல்லி டாம்' என்றது, ஏதோ அணைக்கட்டு போல. "ஆறு தாண்டிய ஆறு பேர்" என்ற அவளுடைய தலைப்பு, ஆறைத் தாண்டிய ஆறு பேர் என்று, இரண்டு இடத்திலும் எண்ணாகவே ஆங்கிலத்தில் வந்து விழுந்திருந்தது.

"இதுல நீ எங்கம்மா இருக்க?" என்றேன்.

முழித்தாள். பின்பெஞ்சுப் பையன்தான் சொன்னான்: "எண்ணும்போது விட்டுட்டா சார்."

டிஜிட்டல் கதைசொல்லல் என்று இன்று பாடத்திட்டங்களில் எழுதுகிறோமே, 1990-களில் கலிபோர்னியாவில் டேனா ஆட்ச்லியும் ஜோ லாம்பர்ட்டும் அதை ஆரம்பித்தபோது மென்பொருள் பெரிய விஷயமாக இல்லை. வந்தவர்கள் வீட்டு ஆல்பத்திலிருந்து சில போட்டோக்களைக் கொண்டுவருவார்கள். தன் வாழ்க்கையில் நடந்த ஒன்றைத் தன் குரலில் இரண்டு மூன்று நிமிடம் சொல்ல வேண்டும். தொண்டை கட்டினாலும் அதே தொண்டைதான். செயலிக் குரல் வந்ததும் நாம் முதலில் தூக்கிப்போட்டது அதைத்தான்.

படத்தையும் குரலையும் எடுத்துவிட்டு மறுபடி செய்யச் சொன்னேன். சாட்பாட் இருக்கட்டும், இலக்கணம் பார்க்க மட்டும். சாயங்காலம் அவள் கொண்டுவந்தது ஒரு நிமிடம் நாற்பது வினாடி. கொள்ளிடக் கரையில் தாத்தாவோடு நிற்கும் மங்கிய போட்டோ ஒன்று, பரிசல் ஒன்று, ஒரு ஜோடிச் செருப்பு. வெள்ளம் வந்த வருஷம் வீட்டில் எல்லாரும் மேட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மா பிள்ளைகளை எண்ணினாளாம், ஒன்று குறைந்ததாம். இடுப்பில் இருந்ததை எண்ணவில்லை. "தட் ஒன் வாஸ் மீ" என்று முடித்தாள். 'வாஸ்' கொஞ்சம் 'வாசு' மாதிரி விழுந்தது. நான் திருத்தவில்லை. பின்னால் எங்கோ பஸ் ஹாரன் அடித்தது, அதையும் வெட்டவில்லை.

அடுத்த மாதம் பிராக்டிஸ் டீச்சிங்குக்கு அவளுக்கு விழுந்தது கடலூர் மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு பள்ளி, ஏழாம் வகுப்பு. வகுப்பைப் பார்க்கப் போயிருந்தேன். ரெக்கார்டு நோட்டு, சார்ட், ஃபிளாஷ் கார்டு எல்லாம் மேஜை மேல் அடுக்கியபடியே இருந்தன. வீடியோவைப் போட்டாள். பிறகு ஆறு பேரை முன்னால் கூப்பிட்டுக் கதையை நடிக்க விட்டாள். மரஸ்கேல்தான் தடி. அடி வாங்கிய ஒவ்வொருவனும் "ஐ ஆம் மட்டி!" "ஐ ஆம் மூடன்!" என்று கத்த, பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மணியடிக்கிற நேரம். "நௌ கவுன்ட் தி கிளாஸ்" என்றாள். ஒரு சிறுமி எழுந்து விரல் நீட்டி எண்ணி, தன் நெஞ்சிலும் ஒரு தட்டுத் தட்டி, "தர்ட்டி ஃபோர்" என்றாள்.

ஜன்னலோரப் பையன் விடவில்லை. கரும்பலகைப் பக்கம் கையைக் காட்டினான்.

"மிஸ்! மிஸ் மிஸ்ஸிங்!"