மெழுகு பூசிய கித்தான் பை

மழை மிகுந்த ஊரிலே காகிதத்தைக் காப்பது எளிதன்று. கொழும்பு நகரில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பொழிகின்றது. 1930 இல் ‘வீரகேசரி’யும் 1932 இல் ‘தினகர’னும் தோன்றியபின், கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் விடியற்காலையில் தமிழ்ப் பத்திரிகையை எதிர்நோக்கும் இல்லங்கள் பெருகின. கடிதமோ பத்திரிகையோ, துவிச்சக்கர வண்டியில் தொங்கிய பை நனைந்தால் எழுத்துங் கலைந்து போகும். சுமந்து வந்தவரின் உழைப்பும் வீணாகும்.

அத்தகைய கித்தான் பையின் வரலாறு கடலிலே தொடங்குகின்றது. பாய்மரக் கப்பலோட்டிய ஐரோப்பிய மாலுமிகள் கித்தான் பாய்களுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசினர். பழைய பாயை வெட்டி மழையங்கியாகவும் அணிந்தனர். ஆயினும் எண்ணெய்ச் சீலை காலப்போக்கில் மஞ்சளித்து, விறைத்து, வெடித்தது. 1823 இல் சார்ள்ஸ் மக்கின்ரொஷ் இரு துணிகளுக்கிடையே இறப்பரைப் பொதிந்து நீர்புகாச் சீலை செய்தார். 1850 இல் ஜேம்ஸ் யங் பெற்ற காப்புரிமைக்குப் பின்னர் பரபின் மெழுகு பெருமளவில் உற்பத்தியாயிற்று. 1885 இல் ஜோன் கெம்ப் ஸ்ராலி அமைத்த துவிச்சக்கர வண்டியும், 1888 இல் டன்லப் கண்ட காற்றடைத்த சக்கரமும் வீதிப் பயணத்தை எளிதாக்கின. கடலிற் பயின்ற சீலை, இவ்வாறு வண்டியின் பையாயிற்று.

மெழுகு செய்யும் வேலை எளியது. நூல்களுக்கிடையேயுள்ள நுண்துளைகளை அது அடைக்கின்றது. ஆனால் பை மடியும் இடங்களில் மெழுகு முதலில் உதிர்கின்றது. அவ்வழியே நீர் நுழைகின்றது. ஈரத்தோடு சுருட்டி வைத்த பையிற் பூஞ்சணம் பற்றி, நூலையே அரித்துவிடும். ஈரமான துணியின்மீது மெழுகு பூசுவோர் பகையை உள்ளே வைத்துப் பூட்டுகின்றனர். துப்புரவும் உலர்ச்சியும் முந்த வேண்டும். மெழுகு பிந்த வேண்டும்.

ஆகவே முறையறிந்தோர் காய்ந்த சேற்றைத் தூரிகையால் தட்டி, தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பர். சவர்க்காரமும் வெந்நீரும் பழைய மெழுகைக் கரைத்தெடுக்குமாதலின் அவற்றை விலக்குவர். நிழலில் நன்றாக உலர்த்தியபின், தேன்மெழுகும் பரபின் மெழுகும் கலந்த பாத்திரத்தைக் கொதிநீரில் வைத்து உருக்குவர். மெழுகு தீப்பற்றக்கூடியது, ஆதலின் அதனை அடுப்பில் நேரே ஏற்றலாகாது. உருகியதை மெல்லெனப் பூசி, தையலிலும் மடிப்பிலும் அழுத்தித் தேய்த்து, இளஞ்சூடு காட்டினால் அது நூலினுள் இறங்கும். பின்னர் ஒருநாள் தொங்கவிடுதல் போதும்.

கொழும்பிலே இதற்குகந்த காலம் மழை குறைந்த பெப்ரவரி மாதம். சித்திரை மழைக்கும் தென்மேல் பருவக்காற்றுக்கும் பை ஆயத்தமாகிவிடும்.

1933 இல் கண்டறியப்பட்ட பொலித்தீன், பிற்காலத்தில் இப்பையின் இடத்தைப் பெரிதும் கவர்ந்துகொண்டது. பொலித்தீன் உறை மலிவானது, கிழிந்தால் எறியப்படுவது. கித்தான் பையோ ஆண்டுக்கொருமுறை ஒரு நாள் உழைப்பைக் கேட்டது. அதற்கு ஈடாகப் பல பருவமழைகளைத் தாங்கிற்று.