அடையாள அட்டையின் ஒன்பதும் பன்னிரண்டும்



சி மொழியில் ஒரு வகை முழு எண் அணியை இன்னொரு வகைக்கு மாற்றும் பாடம் நம் பிள்ளைகளுக்குச் சிரமமாக இருக்கிறது. அதற்கு நல்ல உதாரணம் நம் அடையாள அட்டை.

1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின் கீழ் 1972இல் அட்டை வழங்கத் தொடங்கினார்கள். அதே காலத்தில்தான் அமெரிக்காவில் டெனிஸ் ரிச்சி சி மொழியை உருவாக்கினார். ஆனால் நம் தோட்டங்களில் பலருக்கு அட்டை எட்டாக்கனி. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. மீதிக் கதை 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இழுபட்டது.

பழைய இலக்கத்தில் ஒன்பது எண்களும் ஓர் எழுத்தும். முதல் இரண்டு பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் (பெண்களுக்கு 500 கூட்டப்படும்). பிறகு மூன்று தொடர் எண், ஒன்று சரிபார்ப்பு எண். ஆண்டுக்கு இரண்டே எண் என்பதால் 1900ஐயும் 2000ஐயும் பிரித்தறிய முடியாது. 2000இல் பிறந்தவர்கள் 16 வயதை எட்டிய 2016இல் பன்னிரண்டு எண் முறை வந்தது. பழையதை மாற்ற முன்னால் 19, ஐந்தாவது எண்ணுக்குப் பின் ஒரு 0, எழுத்து போய்விடும்.

கணினியில் ஒன்பது எண் 32 பிட் 'இன்ட்'டில் அடங்கும். அதன் எல்லை 2,147,483,647. பன்னிரண்டு எண் அடங்காது. 64 பிட் 'லாங் லாங்' வேண்டும். பழைய அணியை 'மெம்கொப்பி'யால் அப்படியே புதியதில் கொட்டினால், நான்கு பைட் இலக்கங்கள் இரண்டு ஒட்டி ஒரே எட்டு பைட் இலக்கமாகிவிடும். இரண்டு பேர் ஒருவராவார்கள்! லூப் போட்டு ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். பெருக்குவதற்கு முன்பே 'லாங் லாங்' ஆக்க வேண்டும். பெருக்கிய பின் ஆக்கினால் விடை ஏற்கெனவே கெட்டிருக்கும்.

பெரியதைச் சிறியதில் திணிப்பது இன்னும் ஆபத்து. பொதுவாக மேல் பிட்டுகள் சத்தமில்லாமல் வெட்டுப்பட்டு வேறோர் எண் நிற்கும். 1996 ஜூன் 4இல் ஏரியன் 5 ராக்கெட் ஏறக்குறைய 40 வினாடியில் சிதறியதும் இத்தகைய மாற்றத்தால்தான்: 64 பிட் தசம எண் 16 பிட் முழு எண்ணில் அடங்கவில்லை.

தலைமுறைகள் காத்திருந்து நம் மக்கள் பெற்ற இலக்கம் இது. நாளை நிரல் எழுதப்போகும் பிள்ளைகளே, அதில் ஒரு பிட்கூட உங்கள் கையால் தொலைய வேண்டாம். வீட்டிலுள்ள பழைய அட்டையை எடுத்து மாற்றிப் பாருங்கள். விடையை மட்டும் இங்கே பதிவிட வேண்டாம், அது உங்களுடையது.