எண்ணெய் குடித்த தரை

மோட்டார் கொட்டகையின் காங்கிரீட் தரையில் பூசிய வண்ணம் செதில் செதிலாக உரிவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் காரணம் போர்ட்லண்டு சிமெண்டு பிறக்கும் முன்பே அச்சேறிவிட்டது!

எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாவது எவ்வாறு என்று பிரெஞ்சு வேதியியலார் செவ்ரேல் 1823-இல் ஒரு நூலில் விளக்கினார். மறு ஆண்டு, லீட்ஸ் நகரக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். சிமெண்டு நீருடன் இறுகும்போது சுண்ணாம்பு வெளிப்படுகிறது, அது காரம். அக்கால வண்ணங்களோ பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெயில் குழைத்தவை. ஈரம் கசியும் தரையில் பூசினால் அடிப்படலம் சோப்பாகிவிடும். உரியாமல் என்ன செய்யும்?

1930களில் சுவிட்சர்லாந்தில் காஸ்டானும், 1940களில் அமெரிக்காவில் கிரீன்லீயும் எபாக்சி பிசின்களை உருவாக்கினர். இவை காரத்துக்கு மசியாதவை. ஆனால் எஞ்சின் எண்ணெய்க் கறைமேல் இவையும் ஒட்டா. அந்த எண்ணெய் பெட்ரோலிய இனம்; காரம் அதைச் சோப்பாக்காது. நுண்துளைகளில் உறிஞ்சப்பட்டு அப்படியே தங்கிவிடும். டிட்டர்ஜெண்டு தூளைக் கரைத்துத் தேய்த்து, அழுக்கு நீரை ஒற்றியெடுக்க வேண்டும். (என் ஸ்கூட்டர் நிற்குமிடத்தை மூன்று முறை தேய்த்தேன்.)

தரை உலர்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சிக்கொண்டால் வண்ணம் பூசலாம். முத்துப்போல் திரண்டு நின்றால், மீண்டும் துடைப்பத்தை எடுக்க வேண்டியதுதான்.