துணியில் வெப்ப அச்சு: வரலாறும் வளர்ச்சியும்

தாளிலோ பிலிமிலோ முன்கூட்டியே அச்சிட்ட ஒரு படத்தை, சூடும் அழுத்தமும் கொடுத்துத் துணிக்கு மாற்றும் முறை வெப்ப அச்சு எனப்படும். பனியன் தொழிலில் இது 'ஹீட் டிரான்ஸ்பர்' என்றும், கடைகளில் 'ஸ்டிக்கர் பிரிண்ட்' என்றும் வழங்கப்படுகிறது. கபடிக் குழுவின் ஜெர்சியில் முதுகில் உள்ள பெயரும் எண்ணும், பிறந்தநாளுக்குப் பரிசாகத் தரும் டி-சர்ட்டில் உள்ள புகைப்படம், பனியனின் கழுத்து உட்புறத்தில் அளவைக் குறிக்கும் சிறிய அச்சு ஆகியவை பெரும்பாலும் இம்முறையில் பதிக்கப்படுகின்றன.

இம்முறையின் தேவையை அறிய, அதற்கு முன்பிருந்தே வழக்கில் உள்ள திரை அச்சைப் பார்க்க வேண்டும். திரை அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனித் திரை தயாரிக்க வேண்டும். நான்கு நிறப் படம் என்றால் நான்கு திரைகள். ஒரு சட்டை அச்சிட்டாலும் ஆயிரம் சட்டை அச்சிட்டாலும் திரை செய்யும் செலவு ஒன்றே. ஆகவே ஒரே ஒரு சட்டை கேட்டு வருபவருக்குத் திரை அச்சு கட்டுப்படியாகாது. அந்த ஒரு சட்டையைச் சாத்தியமாக்கியது வெப்ப அச்சு. ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் ஆயின. காரணம், நிறம் நூலுக்குள் புகுகிறதா, நூலின் மேல் ஒட்டிக்கொள்கிறதா என்ற கேள்வி. வெப்ப அச்சின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றியே அமைந்துள்ளது.

தாளிலிருந்து மாறும் படம்

ஒரு பரப்பில் பதித்த படத்தை வேறொரு பரப்புக்கு மாற்றும் எண்ணம் துணியில் தோன்றியதன்று; பீங்கானில் தோன்றியது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்துக் கைவினைஞர்கள் படத்தை மெல்லிய தாளில் பதித்து, அதைப் பீங்கான் மேல் அழுத்தி மாற்றினர். லிவர்பூலைச் சேர்ந்த ஜான் சாட்லர், கை கிரீன் ஆகிய இருவரும், ஆறு மணி நேரத்தில் 1,200க்கும் மேற்பட்ட ஓடுகளில் படம் பதித்ததாக 1756இல் உறுதிமொழி ஆவணம் அளித்தனர். ஒவ்வொன்றாகக் கையால் வரைந்த காலத்தில் இது வியப்பான வேகம்.

துணிக்கு இந்த எண்ணம் வந்தது பூத்தையல் வழியாக. 1870களில் மான்செஸ்டரில் இருந்த வில்லியம் பிரிக்ஸ் நிறுவனம் பூ வேலைக்கான கோலங்களைத் தாளில் அச்சிட்டு விற்றது. தாளைத் துணிமேல் கவிழ்த்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால், கோடுகள் துணியில் பதிந்துவிடும். பிறகு பெண்கள் அக்கோடுகளின் மேல் ஊசி நூலால் தைப்பர். அந்த அச்சு தையலுக்கு வழிகாட்டும் கோடாக மட்டுமே பயன்பட்டது. தையல் முடிந்தபின் அது மறைந்துவிட வேண்டும். நிலைத்து நிற்கும் வண்ணத்தைச் சூட்டினால் மாற்றுவதற்குப் புதிய இழையும் புதிய சாயமும் தேவைப்பட்டன.

பாலியெஸ்டரும் சிதறல் சாயமும்

சாயம் முதலில் வந்தது. 1920களில் அசிட்டேட் எனும் செயற்கைப் பட்டு சந்தைக்கு வந்தபோது, பருத்திக்கு உரிய சாயங்கள் அதில் பிடிக்கவில்லை. அதற்காக நீரில் கரையாத, மிக நுண்ணிய துகள்களாக நீரில் சிதறி நிற்கும் சாயங்கள் உருவாக்கப்பட்டன. இவையே சிதறல் சாயங்கள்.

அடுத்து இழை வந்தது. 1941இல் ஜான் ரெக்ஸ் வின்ஃபீல்டு, ஜேம்ஸ் டென்னன்ட் டிக்சன் என்ற இரு பிரித்தானிய வேதியியலாளர்கள் பாலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்தனர். பின்னர் அது 'டெரிலீன்' என்ற பெயரில் அறியப்பட்டது. அவர்கள் பணியாற்றியது காலிகோ பிரிண்டர்ஸ் அசோசியேஷன் எனும் துணி அச்சிடுவோர் நிறுவனத்தில். துணி அச்சின் போக்கையே மாற்றிய இழை, துணி அச்சிடும் நிறுவனத்தின் ஆய்வகத்திலேயே பிறந்தது.

பாலியெஸ்டர் தண்ணீரை ஏற்காது. அதனால் சாயமேற்றுவது கடினம். மூடிய கலத்தில் அழுத்தத்தோடு ஏறத்தாழ 130 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும். ஆனால் சிதறல் சாயத்தோடு மட்டும் அது நன்கு இணங்கும்.

ரூபே நகரக் கண்டுபிடிப்பு

பிரான்சின் வடபகுதியில் லீல் நகருக்கு அருகில் உள்ள ரூபே, கம்பளி நூற்பாலைகளுக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கிருந்த லேனியர் த ரூபே ஆலையில் பணியாற்றிய நோயல் த பிளாஸ், 1957இல் ஒரு முக்கியமான பண்பைக் கண்டறிந்தார். சில சிதறல் சாயங்களைத் தாளில் அச்சிட்டு, அத்தாளைத் துணியோடு சேர்த்து உயர் வெப்பத்தில் அழுத்தினால், சாயம் உருகாமலேயே ஆவியாகித் துணிக்கு மாறிவிடுகிறது என்பதே அது.

திடப்பொருள் திரவமாகாமல் நேரடியாக ஆவியாவதைப் பதங்கமாதல் என்று பள்ளிப் பாடத்தில் படிக்கிறோம். திறந்து வைத்த கற்பூரம் சிறிது சிறிதாகக் கரைந்து மறைவது இதற்கு எடுத்துக்காட்டு. அச்சிலும் இதுவே நிகழ்கிறது. ஏறத்தாழ 200 டிகிரி வெப்பத்தில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அழுத்தும்போது சாயம் ஆவியாகிறது. அதே வெப்பத்தில் பாலியெஸ்டரின் மூலக்கூறுகள் இளகி இடம் கொடுக்கின்றன. ஆவி இழைக்குள் புகுகிறது. துணி ஆறியதும் மூலக்கூறுகள் மீண்டும் இறுகிச் சாயத்தை உள்ளே பூட்டிவிடுகின்றன. இவ்வாறு பதிந்த படத்தைக் கையால் தடவினால் ஒன்றும் தெரியாது. எத்தனை முறை துவைத்தாலும் உரியாது.

இம்முறைக்கு இரண்டு வரம்புகள் இருந்தன. பருத்தி இழை சூட்டில் இளகுவதில்லை. சிதறல் சாயத்தை அது ஏற்பதும் இல்லை. எனவே பருத்தியில் படம் நிற்காது. மேலும் இச்சாயங்களில் வெள்ளை கிடையாது என்பதால், வெள்ளை அல்லது வெளிர்நிறத் துணியில்தான் படம் தெளிவாகத் தெரியும்.

1960களின் இறுதியில் 'சப்லிஸ்டாடிக்' என்ற பெயரில் அச்சுத்தாள்கள் வணிகத்துக்கு வந்தன. 1970களின் தொடக்கத்தில் பாலியெஸ்டர் பின்னல் துணி மேலைநாடுகளில் நாகரிகமாக இருந்தபோது இம்முறை வேகமாகப் பரவியது. மக்களின் விருப்பம் மீண்டும் பருத்திப் பக்கம் திரும்பியதும் தளர்ந்தது. தாள்களைப் பெரிய உருளைகளில் மொத்தமாக அச்சிட்டதால், அன்று இது ஆலைகளுக்கு மட்டுமே உரிய தொழில்நுட்பமாக இருந்தது. தனி மனிதருக்கு ஒரு சட்டை என்ற எண்ணம் இன்னும் எட்டாத தூரத்தில் இருந்தது.

டி-சர்ட்டும் பிளாஸ்டிசாலும்

அந்த எண்ணத்தை நெருங்கியது வேறொரு வழி. டி-சர்ட் முதலில் உள்ளாடை. அமெரிக்கக் கடற்படை 1913இல் அதைச் சீருடையின் உள்ளே அணிய வழங்கியது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அது மேலாடையாக மாறியது. 1951இல் வெளிவந்த 'எ ஸ்ட்ரீட்கார் நேம்டு டிசையர்' திரைப்படத்தில் மார்லன் பிராண்டோ அணிந்த டி-சர்ட் இளைஞரிடையே அதைப் பரப்பியது. மார்புப் பக்கம் வெறுமையாக இருந்த அந்த ஆடை, எழுத்துக்கும் படத்துக்கும் ஏற்ற பலகையானது.

டி-சர்ட் பெரும்பாலும் பருத்தி. அதில் ஆவிச்சாயம் நிற்காது. ஆகவே பிளாஸ்டிசால் என்ற மை பயன்பட்டது. பி.வி.சி. துகள்களை நெகிழியாக்கும் எண்ணெய் போன்ற திரவத்தில் கலந்து செய்யப்படும் இந்த மை, அறை வெப்பத்தில் காயாது. ஏறத்தாழ 160 டிகிரியில் இறுகிப் பிளாஸ்டிக் படலமாகும். இந்த மையால் தாளில் படத்தை அச்சிட்டு அரைகுறையாக இறுகச் செய்து வைத்துக்கொண்டால், பிறகு எப்போது வேண்டுமானாலும் துணிமேல் வைத்து அழுத்தி முழுமையாக இறுகச் செய்யலாம்.

1970களில் அமெரிக்கக் கடைவீதிகளில் இதற்கெனத் தனிக்கடைகள் பெருகின. சுவர் முழுவதும் படங்கள் மாட்டப்பட்டிருக்கும். வாடிக்கையாளர் ஒரு படத்தையும் ஒரு சட்டையையும் தேர்ந்தெடுத்தால், கடைக்காரர் சில நொடிகளில் அழுத்திக் கொடுத்துவிடுவார். ஒருவர் ஒரே சட்டை வாங்கலாம் என்ற நிலை வந்தது. ஆனால் படம் அவருடையதன்று. சுவரில் இருந்தவற்றுள் ஒன்று. அதுவும் துணிமேல் ஒட்டிய பிளாஸ்டிக் படலம் என்பதால், காற்றுப் புகாமல் வியர்த்தது; சரியாக இறுகாத படம் பல முறை துவைத்தபின் வெடித்து உரிந்தது.

கணினி வந்த பிறகு

தம் படத்தைத் தாமே பதிக்கும் வாய்ப்பை அளித்தது மின்னணுத் தொழில்நுட்பம். 1980களின் பிற்பகுதியில் வண்ண லேசர் நகலெடுக்கும் கருவிகள் வந்தன. அவற்றில் சிறப்புத் தாளை இட்டு, குடும்பப் புகைப்படத்தை நகலெடுத்துச் சட்டையில் அழுத்தும் வழக்கம் தோன்றியது.

1990களில் மைத்தாரை அச்சுப்பொறிகளில் பதங்கமாகும் சாயமையை இடும் முறை வளர்ந்தது. சில அச்சுப்பொறிகள் மையைச் சூடாக்கிக் குமிழி உண்டாக்கித் தெறிக்கச் செய்பவை. வேறு சில, மின்சாரத்தால் அதிரும் படிகத்தைக் கொண்டு சூடின்றி மையைத் தள்ளுபவை. சூட்டில் ஆவியாகும் சாயத்துக்கு இரண்டாம் வகையே பொருந்தியது. இதன்பின் உருளையோ திரையோ தேவைப்படவில்லை. கணினியில் வரைந்த படத்தைக் கண்ணாடிப் பிம்பம்போல் இடவல மாற்றத்துடன் தாளில் அச்சிட்டு, அழுத்தினால் போதும். விளையாட்டு உடைகள் பாலியெஸ்டரால் ஆனவை என்பதால், ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தனிப்பெயர், தனி எண் பதிப்பது எளிதாயிற்று. நாற்பது ஆண்டுகளுக்கு முன் ரூபேயில் ஆலைக்காகக் கண்டறியப்பட்ட பண்பு, சிறு கடைக்காரரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. பருத்திதான் இன்னும் வெளியே நின்றது.

பிலிமும் பசைத்தூளும்

பருத்திக்கும் அடர்நிறத் துணிக்கும் விடையாக வந்தது டி.டி.எஃப். எனப்படும் பிலிம் வழி அச்சு. 2020ஐ ஒட்டிய ஆண்டுகளில் இது உலகெங்கும் சிறு அச்சுக்கடைகளில் பரவியது. இதில் பிலிம் மேல் முதலில் வண்ண மைகளும், அவற்றின் மேல் வெள்ளை மையும் அச்சாகின்றன. ஈரம் உலருமுன் பசைத்தூள் தூவப்படுகிறது. தூள் உருகிப் படியும் வரை சூடாக்கப்படுகிறது. பின்னர் பிலிமைத் துணிமேல் கவிழ்த்து, ஏறத்தாழ 150 முதல் 165 டிகிரியில் சில நொடிகள் அழுத்திப் பிலிமை உரித்தெடுப்பர். துணியில் அடியில் வெள்ளையும் மேலே வண்ணமும் நிற்பதால் கறுப்புத் துணியிலும் படம் பளிச்சென்று தெரியும்.

பருத்தி, பாலியெஸ்டர், கலப்புத் துணி என எதிலும் பதியும் என்பது இதன் சிறப்பு. ஆயினும் நிறம் நூலுக்குள் புகவில்லை. 1970களின் படலத்தைவிட மெல்லியது, நெகிழ்வானது என்றாலும், இதுவும் துணிமேல் ஒட்டிய படலமே.

திருப்பூரும் தண்ணீரும்

இந்த வரலாறு தமிழ்நாட்டைத் தொடும் இடம் திருப்பூர். பருத்திப் பின்னலாடையே இவ்வூரின் அடையாளம். பருத்திக்குச் சாயமேற்றவும் அலசவும் மிகுதியான நீரும் உப்பும் தேவை. சாயக்கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழ்ப்பகுதி உழவர்களின் நிலங்களையும் கிணறுகளையும் கெடுத்தது. உழவர்கள் நீண்டகாலம் வழக்காடினர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. பின்னர் கழிவுநீரை வெளியே விடாமல் முழுவதும் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் நிபந்தனையோடு பட்டறைகள் இயங்கத் தொடங்கின.

இப்பின்னணியில் வெப்ப அச்சின் ஒரு பண்பு கவனிக்கத்தக்கது. படம் பதித்தபின் துணியை அலச வேண்டியதில்லை. அந்தக் கட்டத்தில் கழிவுநீர் இல்லை. ஏற்றுமதி ஆடைகளில் கழுத்துத் துணிப்பட்டைக்குப் பதிலாக வெப்ப அச்சால் அளவும் துவைக்கும் குறிப்பும் பதிப்பதும் இன்று வழக்கமாகியுள்ளது. கழுத்தை உறுத்தாத இந்த வகை அச்சை அமெரிக்காவின் ஹேன்ஸ் நிறுவனம் 2002இல் பெரிய அளவில் விளம்பரப்படுத்தியது.

ஆனால் இதைக் கொண்டு நீர்ச்சிக்கல் தீர்ந்ததாகக் கருதலாகாது. அடித்துணியை வெளுக்கவும், கறுப்போ நீலமோ ஏற்றவும் நீர் வேண்டும். வெப்ப அச்சு மிச்சப்படுத்துவது படம் பதிக்கும் கட்டத்தின் நீரை மட்டுமே. அத்துடன் நீர் குறைந்த இடத்தில் பிளாஸ்டிக் கூடுகிறது. பாலியெஸ்டர் துணி ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் நுண்ணிழைகளை உதிர்க்கிறது. அச்சிட்டபின் பிலிமும் தாளும் குப்பையாகின்றன. பிளாஸ்டிசாலில் சேர்க்கப்பட்ட தாலேட் வகைப் பொருட்கள் உடல்நலத்துக்குக் கேடு எனக் கருதப்பட்டதால், 2008ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் அவற்றுள் சிலவற்றை விளையாட்டுப் பொருட்களிலும் குழந்தைப் பராமரிப்புப் பொருட்களிலும் 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என வரையறுத்தது. சாய ஆவியும் பசைத்தூள் புகையும் எழும் அறையில் காற்றுப்போக்கி இல்லையெனில் வேலை செய்பவரின் மூச்சுக்குத் தீங்கு.

வாங்குவோர் அறியவேண்டியவை

அச்சின் வகையை எவரும் எளிதில் கண்டறியலாம். படத்தின் மேல் விரலால் தடவும்போது துணியின் நெசவு மட்டுமே தெரிந்தால், நிறம் நூலுக்குள் புகுந்துள்ளது என்று பொருள். அது பெரும்பாலும் பாலியெஸ்டராக இருக்கும். வழவழப்பான படலம் தட்டுப்பட்டால் அது ஒட்டிய படம். அத்தகைய ஆடையை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக் குளிர்ந்த நீரில் துவைப்பதும், படத்தின் மேல் நேரடியாக இஸ்திரி போடாமல் இருப்பதும் நல்லது. சூட்டினால் ஒட்டியது சூட்டினால் இளகும்.

1957இல் நிறம் நூலுக்குள் புகுந்தது. ஆனால் ஆலைக்கே உரியதாக இருந்தது. 1970களில் ஒரு சட்டை கிடைத்தது. ஆனால் படம் பிறருடையது. 1990களில் சொந்தப் படம் வந்தது. ஆனால் பாலியெஸ்டரில் மட்டும். இன்று எந்தத் துணியிலும் எந்தப் படமும் பதியும். ஆனால் பருத்தியில் அது இன்னும் மேலே ஒட்டியே நிற்கிறது. பருத்தி நூலுக்குள் புகும் நிறத்தை, நீரை மிகுதியாகச் செலவிடாமல் பதிக்கும் முறையே இத்தொழில் இனி தேடவேண்டியது. பருத்தியை நம்பி வாழும் திருப்பூர் போன்ற ஊர்களுக்கு அத்தேடலின் பயன் மற்ற ஊர்களைவிட மிகுதி.