பற்றும் பிளாஸ்திரியும்

மருந்தின் வரலாறு வைத்தியரின் வரலாறு மட்டுமன்று. நோயாளியின் மடிச்சீலையின் வரலாறுமாகும். மூலிகை தடவிய ஒட்டுத் துண்டொன்றைத் தொப்புளின்மேல் ஒட்டிக்கொண்டால் மலச்சிக்கல் தீருமென்று இன்று பல நாடுகளில் விற்கப்படும் பண்டத்தை ஆராயப் புகுவோர் இவ்வுண்மையை மறத்தலாகாது. இப்பண்டத்துக்கு மூதாதையர் இருவர் உளர். ஒருவர் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். மற்றவர் ஆலை முதலாளி.

வயிற்றின்மேற் பற்றுப் போடுதல் ஆசியாவில் நெடுநாளைய வழக்கம். குழந்தையின் வயிறு பொருமினால் வெற்றிலையில் ஆமணக்கெண்ணெய் தடவி, அனலில் வாட்டி வயிற்றில் இடுவது தமிழ் வீடுகளிற் பாட்டிமாரின் கைவைத்தியம். சீனத்திலோ மலச்சிக்கலுக்கு இரேவற்சின்னிக் கிழங்கின் பொடியைக் குழைத்துத் தொப்புளில் வைப்பர். இத்தகைய புறவைத்தியத்தை ஒரு முறைமையாக வகுத்தவர்களுள் முதன்மையானவர் வூ ஷாங்சியன் (1806-1886). தைப்பிங் கிளர்ச்சிப் போர் 1853இல் யாங்சி ஆற்றுப் பிரதேசத்தைக் கலக்கியபோது அவர் தைச்சௌப் பகுதிக்கு இடம்பெயர்ந்தார். அங்கே, கஷாயம் வாங்கவும் வகையற்ற குடியானவர்களுக்குப் பிளாஸ்திரிகளைக் கொண்டே வைத்தியம் செய்தார். உள்ளே கொடுக்கும் மருந்தும் வெளியே இடும் மருந்தும் ஒரே தத்துவத்தின்பாற் பட்டவை என்பது அவர் கொள்கை. கொள்கையின் குறைகளைப் பின்னர் காண்போம். அதனைப் பிறப்பித்தது இலாப வேட்கையன்று என்பதை இங்கே மனங்கொள்ள வேண்டும்.

அதே நூற்றாண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்ததோ வேறு. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிற் பிறந்த பெஞ்சமின் பிறண்ட்றெத் 1835இல் நியூயோர்க் சேர்ந்தார். எல்லா நோய்க்கும் காரணம் இரத்த அழுக்கே. அதைப் போக்கும் வழி பேதியே என்று பறைசாற்றித் தம் மூலிகைக் குளிகைகளை விற்றார். பத்திரிகை விளம்பரமே அவரது பேராயுதம். அவரது ஆலையிலிருந்தே துளையிட்ட ‘ஓல்கொக்’ பிளாஸ்திரிகளும் வெளிவந்தன. உள்ளுக்கொன்று, வெளிக்கொன்று, இரண்டின் வரவும் ஒரே பெட்டகத்துக்கு. குளிகை விற்றவர் வங்கித் தலைவராகவும் மாநிலச் செனற்றராகவும் உயர்ந்தார்.

இங்கிலாந்திலும் இதே கதைதான். 1909இல் பிரித்தானிய மருத்துவச் சங்கம் இரகசிய மருந்துகளைப் பகுப்பாய்வு செய்து நூலொன்று வெளியிட்டது. ‘ஒரு கினி பெறுமதி’ என விளம்பரமான பீச்சம் குளிகையில் இருந்தவை கரியபோளம், இஞ்சி, சவர்க்காரம் ஆகியவையே. ஒரு பெட்டியின் விலை 1 சிலிங் 1½ பென்ஸ்; உள்ளிருந்த சரக்கின் பெறுமதி அரைப் பார்த்திங். அதாவது நூறு மடங்குக்கு மேல்! அரசாங்கமோ ஒவ்வொரு பெட்டியிலும் முத்திரை வரி பெற்றது. அம்முத்திரையையே அரசின் நற்சான்றென மக்கள் நம்பினர். பாராளுமன்றக் குழு 1914இல் அறிக்கை சமர்ப்பித்தும், மருந்தின் சேர்மானத்தை வெளியிட வேண்டுமென்ற சட்டம் 1941 வரை காத்திருந்தது.

இனி அறிவியல் கூறுவதென்ன? தோல் ஒரு வாயிலன்று; மதில். 500 டோல்ற்றனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் பழுதற்ற தோலை எளிதில் ஊடுருவா என்பது 2000இல் வகுக்கப்பட்ட பொதுவிதி. நிலாவாரையிலும் இரேவற்சின்னியிலும் உள்ள சென்னோசைட்டின் அளவோ ஏறத்தாழ 860. அது நுழைந்தாலும் பயன் ஐயமே. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்கள் அதனைச் சிதைத்த பின்னரே அது பேதி மருந்தாகிறது. ஆமணக்கெண்ணெயும் சிறுகுடலிற் செரித்துப் பிரிந்த பின்னரே வேலை செய்கிறது. தோல்வழி மருந்தே பொய்யென்று இதற்குப் பொருளன்று. பிரயாண வாந்திக்கு ஸ்கொப்பொலமைன் ஒட்டு 1979இலும், புகைப் பழக்கத்தை விட நிக்கொட்டின் ஒட்டு 1991இலும் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றன. ஆனால், இவை தோலைக் கடக்கவல்ல சிறு மூலக்கூறுகள். வேடிக்கை யாதெனில், கடுநோவுக்கு இடப்படும் பென்ரனில் ஒட்டு குடலை நன்கு எட்டுகிறது. எட்டி மலச்சிக்கலை உண்டாக்குகிறது!

ஆகவே, பாட்டியின் வெற்றிலை தந்த இதம் வெப்பத்தாலும் கையின் தடவலாலும் வந்த இதமாகும். அதற்கு அவர் விலை கேட்கவில்லை. அவ்விதத்தைக் கடதாசியில் ஒட்டி, நோயை வேரறுக்கும் மருந்தென விலைபேசுவதே மோசடி.

நோயின் வேர் எங்கே? 1972இல் டெனிஸ் பேர்க்கிற்றும் தோழர்களும் வெளியிட்ட ஆய்வு ஒரு விடை தந்தது. நார் மிக்க உணவுண்ட உகண்டாக் கிராமத்தவரின் உடலில் உணவு கடந்து செல்ல ஏறத்தாழ ஒன்றரை நாள். தீட்டிய மாவை உண்ட பிரித்தானியருக்கு மூன்று நாளுக்கு மேல். உணவு மட்டுமன்று: கழிப்பிடம் சீராக இல்லாத பாடசாலையில் மாணவி நாள் முழுதும் அடக்கிக்கொள்கிறாள், அதற்கஞ்சித் தண்ணீரும் குடியாதிருக்கிறாள். இயந்திரத்தை விட்டு அகல அனுமதியற்ற தொழிலாளியின் நிலையும் அதுவே. இவர்களின் வயிற்றில் ஒட்டுத் துண்டை ஒட்டுவது, சமூகத்தின் குறையைத் தனிமனிதனின் தொப்புளில் மறைப்பதாகும்.

இன்னொன்றும் உண்டு. நீடித்த மலச்சிக்கலும் மலத்தோடு இரத்தமும் குடற் புற்றுநோயின் அறிகுறிகளாகலாம். ஒட்டை நம்பிக் கழித்த மாதங்கள் உயிரையே விலையாகக் கேட்கும். ஆசிரியரும் மாணவரும் இதனைத் தத்தம் ஊரில் எடுத்துரைப்பாராக. பாடசாலைக்குத் தண்ணீரும் தாழ்ப்பாளுள்ள கழிப்பறையும் கேட்டுப் போராடுவது, எந்தப் பிளாஸ்திரியிலும் மேலான மருத்துவம்.