ஒரே ஊரில் இரண்டு தடவை

ஹாங்காங்னா உயரமான கட்டடங்கள்தான் ஞாபகம் வரும். நான் கொஞ்ச நாளா படிச்சிட்டிருக்கிறது அவற்றுக்குப் பின்னால் இருக்கும் மலைச்சரிவுகளின் கதையை.

1972 ஜூன் 16 முதல் 18 வரை மூன்றே நாளில் 650 மி.மீ.க்கு மேல் மழை. 18ஆம் தேதி மதியம் சாவ் மாவ் பிங்கில் சாலைக்காகப் போட்டிருந்த மண்கரை சரிந்து, கீழேயிருந்த குடிசைகளை மூடியது. 71 பேர் இறந்தார்கள். அன்றிரவே போ ஷான் சாலைச் சரிவு இறங்கி, 12 மாடிக் குடியிருப்பு ஒன்றையே சாய்த்தது. அங்கே 67 பேர்.

விசாரணையெல்லாம் நடந்தது. ஆனாலும் 1976 ஆகஸ்ட் 25 அன்று, மறுபடி அதே சாவ் மாவ் பிங்! இந்தத் தடவை வேறொரு மண்கரை. சேறு அரசுக் குடியிருப்பின் கீழ்த்தளத்துக்குள் பாய்ந்து 18 பேர் செத்தார்கள்.

காரணம் ரொம்பச் சாதாரணம். மண்ணைச் சரிவில் அப்படியே கொட்டியிருக்காங்க. அடுக்கடுக்காகப் பரப்பி, உருளை ஓட்டி இறுக்கவில்லை. இறுகாத மண்ணில் மழைநீர் ஊறினால் துகள்களின் பிடி விட்டுப்போய், கரையே கூழாகி ஓடும். வெயில் காலத்தில் பார்த்தால் புல் முளைத்த நல்ல மேடு மாதிரிதான் தெரியும்.

வல்லுநர் குழு சொன்ன வைத்தியமும் எளிது: மேல் 3 மீட்டர் மண்ணைத் தோண்டி, திரும்ப இறுக்கிப் போடு, தண்ணீர் வடிய வழி செய்.

1977இல் மண்பொறியியல் கட்டுப்பாட்டு அலுவலகம் வந்தது. தனியார் கட்டினாலும் அரசே கட்டினாலும், சரிவையும் தாங்குசுவரையும் அது தனியாகச் சரிபார்க்கணும். அரசையும் சேர்த்ததுதான் முக்கியம்னு நினைக்கிறேன். இன்றைக்கு அங்கே மனிதர் வெட்டிய, கொட்டிய சரிவுகள் சுமார் 60,000 பதிவில் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வீட்டுக் கதவிலக்கம் மாதிரி ஒரு எண் உண்டு.