இரத்தான பருவமும் எஞ்சும் கழகமும்: ஹாக்கி இந்தியா லீக்கின் இடைமுறிவு குறித்து

ஒரு விளையாட்டுப் போட்டியின் பருவம் இரத்தாகும்போது எவ்வளவு அழிகிறது என்பதை, அந்தப் போட்டியின் புகழைவிட, அதில் ஆடிய அணிகள் எதன்மேல் நின்றன என்பதே தீர்மானிக்கிறது. 2013 முதல் 2017 வரை ஐந்து பருவங்கள் நடந்த ஹாக்கி இந்தியா லீக், 2018ஆம் ஆண்டுப் பருவம் நடைபெறாது என்ற அறிவிப்போடு நின்று, 2024 டிசம்பரில்தான் மீண்டும் தொடங்கியது. இந்த நிறுத்தத்தைப் பணச்சிக்கலாலும், 2018 இறுதியில் புவனேசுவரத்தில் நடந்த உலகக் கோப்பையை ஒட்டிய நெருக்கடியான கால அட்டவணையாலும் விளக்கிவிடலாம். ஆனால் ஓராண்டு நிறுத்தம் ஏழு ஆண்டுகளுக்கும் மேலாக நீண்டதை அவை விளக்குவதில்லை. லீக்குக்கு வெளியே அணிகளுக்கு வாழ்வே இல்லாதிருந்ததுதான் அதன் அடிப்படை என்று இக்கட்டுரை வாதிடுகிறது.

இவ்வாதத்தைச் சோதிக்க ஐரோப்பியப் பனித்தரை ஹாக்கி, அதாவது உறைந்த பனிக்கட்டித் தளத்தில் சறுக்குக் காலணி அணிந்து தட்டையான வட்டினைக் கோலால் அடித்து ஆடும் ஆட்டம், நல்ல எதிர்ச்சான்று தருகிறது. பல நாட்டுக் கழகங்கள் மோதும் சாம்பியன்ஸ் ஹாக்கி லீக் 2008-09இல் ஒரே ஒரு பருவம் நடந்தது; சுவிட்சர்லாந்தின் இசட்.எஸ்.சி. லயன்ஸ் அதை வென்றது. புரவலர் பணம் கைவிட்டுப்போனதால் அடுத்த பருவம் இரத்தாயிற்று. 2014இல் புது அமைப்பின்கீழ் அதே பெயரில் மீண்ட போட்டி, 2020-21 பருவத்தைப் பெருந்தொற்றால் மறுபடியும் இழந்தது. ஒரு முறை பணம், மறு முறை நோய் எனக் காரணங்கள் முற்றிலும் வேறானவை; கழகங்களைப் பொறுத்தவரை விளைவு மட்டும் ஒன்றே. அவை தத்தம் நாட்டு லீக்குகளில் தொடர்ந்து ஆடின. 1930இல் சூரிச்சில் தோன்றிய லயன்ஸ் கழகம், தான் வென்ற போட்டி மறைந்த அதே 2009இல் அமெரிக்காவின் சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணியைத் தன் ஊரில் தோற்கடித்தது. 2025 பிப்ரவரியில் மீண்ட லீக்கின் கோப்பையையும் கைப்பற்றியது.

இந்தியாவில் நடந்தது நேர்மாறு. 2013இல் முதல் கோப்பையை வென்ற ராஞ்சி ரைனோஸ், 2015 பருவம் தொடங்கும்போதே இல்லை. ஆட்சிக்குழுவோடு பிணக்குக்கொண்ட உரிமையாளர்கள் விலக, அதே ஊரின் பெயரில் ராஞ்சி ரேஸ் என்ற வேறோர் அணி வந்து, வந்த ஆண்டிலேயே பட்டத்தையும் வென்றது. மும்பை மஜிசியன்ஸ் போய்த் தபாங் மும்பை வந்ததும் இவ்வகையே. அணியின் பெயரையும் ஆடும் உரிமையையும் ஒரு முதலீட்டாளர் குறிப்பிட்ட காலத்துக்கு விலைகொடுத்துப் பெறும் ஃபிரான்சைஸ் முறையில், ஆண்டுக்குச் சில வாரங்களே உயிர்பெறும் அணிக்கு மைதானமோ இளையோர் பிரிவோ உறுப்பினரோ இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. பருவம் நின்றால் அணியும் நின்றுவிடும். மீட்டுத்தரக் கோருவதற்கு ஆளும் இருக்காது.

சென்னையின் வரலாறு இதைக் கூடுதலாகவே காட்டுகிறது. 2005 முதல் 2008 வரை நடந்த பிரீமியர் ஹாக்கி லீக்கில் சென்னை வீரன்ஸ் ஆடியது. 2008இல் இந்திய அணி பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெறத் தவறி, இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பும் இடைநீக்கத்துக்கு உள்ளானபின் அந்த லீக் தொடரவில்லை. 2012இல் வேர்ல்டு சீரிஸ் ஹாக்கியில் சென்னை சீட்டாஸ் தோன்றியது. அப்போட்டிக்கு இரண்டாம் பருவமே வாய்க்கவில்லை. 2013-17 லீக்கில் தமிழ்நாட்டு அணி எதுவும் இல்லை. 2024இல் வந்தது தமிழ்நாடு டிராகன்ஸ். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பெயரோ, நிர்வாகமோ, கடனோகூடக் கைமாறவில்லை.

கழகங்கள் இல்லாத நாட்டில் கழகத்தின் வேலையை யார் செய்தார்கள் என்பதே இங்கே முதன்மையான கேள்வி. ரயில்வே, இந்தியன் ஆயில், காவல்துறை, வங்கிகள் முதலிய துறை அணிகளும், கொல்கத்தாவில் 1895இல் தொடங்கிய பெய்ட்டன் கோப்பை, சென்னையின் எம்.சி.சி. முருகப்பா தங்கக் கோப்பை போன்ற பழம்போட்டிகளும்தான். தென்மாவட்டங்களில் அந்தப் பொறுப்பைச் சுமந்தது கோவில்பட்டி. பட்டாசு ஆலைகள் சூழ்ந்த ஏழாயிரம்பண்ணையும் சாத்தூரும் அண்டைப் பகுதிகளாக அமைந்த இந்தக் கரிசல் வட்டாரத்தில், தீப்பெட்டிக்குப் பேர்போன அந்நகரம் ஹாக்கிக்கும் பேர்பெற்றது. கே.ஆர். கல்வி நிறுவனங்களின் ஆதரவில் அங்கு நடக்கும் இலட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்குத் துறை அணிகள் வருகின்றன. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சிறப்பு விடுதியும் செயற்கைப் புல்தரையும் அங்கேயே உள்ளன. 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்கு அறிமுகமான கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் அரியலூர் கார்த்தி செல்வமும் அந்த விடுதியில் பயின்றவர்கள். கார்த்தி தம் முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் அடித்தார். லீக் உறங்கிக்கிடந்த ஆண்டுகளில்தான் இவர்கள் உருவானார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

இவ்வட்டாரத்துப் பட்டாசுத் தொழிலே ஓர் ஒப்புமை தருகிறது. லீக் கைவிடப்பட்ட அதே 2017இல், அக்டோபர் 9 அன்று, தில்லி வட்டாரத்தில் பட்டாசு விற்பனையை உச்சநீதிமன்றம் தீபாவளி முடியும்வரை நிறுத்திவைத்தது. வணிகம் கடுமையாக அடிபட்டது. ஆனால் ஆலை உரிமமும் மருந்து அறையும் கைத்தேர்ச்சியும் இருந்ததால், அடுத்த பருவத்துக்கான வேலை தொடங்க இடமிருந்தது. ஹாக்கி லீக்கிடம் அத்தகைய ஆலை இருக்கவில்லை.

துறை அணிகளை இலட்சியமாக்குவதும் சரியன்று. அவை வேலைவாய்ப்பைச் சார்ந்தவை. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஆள்சேர்ப்பு குறைந்தால் அணியும் தேயும். அவற்றுக்கு ஊர் என்ற பற்றும் இல்லை. வெளிநாட்டு வீரர்களோடு ஒரே களத்தில் ஆடும் பயிற்சியையும், இளைஞர்களுக்குக் குறுகிய காலத்தில் கிடைத்த வருவாயையும் லீக்தான் தந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆகவே லீக் வேண்டுமா, ஊர்ப்போட்டி வேண்டுமா என்று வாதிடுவது வீண். 2024இல் லீக்கை மீட்டவர்கள் எட்டு ஆடவர் அணிகளுக்கான உரிமைகளை விற்றபோது, ஒவ்வோர் அணியையும் அதன் மாநிலத்தின் விடுதியோடும் பழம்போட்டியோடும் பிணைக்கும் வாய்ப்பு இருந்தது. தமிழ்நாடு டிராகன்ஸ் கார்த்தியை எடுத்துக்கொண்டது. முதல் பருவத்திலேயே நான்காம் இடம்வரை முன்னேறியது. ஆனால் அப்பருவத்தின் ஓர் ஆட்டம்கூடத் தமிழ்நாட்டில் நடக்கவில்லை.